டெட்ராபாட் வைத்து அலைத்தடுப்புச் சுவர் கட்டுவது எப்படி: டெல்டா கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வெள்ளப்பள்ளம் என்று நீளும் டெல்டா கடற்கரையில் சிறிய மீன்பிடித் துறைமுக வேலைக்கு முதல்முறையாகத் தளப் பொறுப்பு ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் கணக்கைப் பெரும்பாலும் சரியாகவே போடுகிறார்கள். எதற்குப் பின் எது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

பேச வசதியாக ஒரு உதாரணச் சுவரை வைத்துக்கொள்வோம். நீளம் 300 மீட்டர், சுவரின் பாதத்தில் கடல் ஆழம் 3 மீட்டர், உச்சி நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர், வெளிச்சரிவு 1-க்கு 1.5. கடல் பார்த்த பக்கம் முழுக்கக் கவசமாக டெட்ராபாட், அதாவது நான்கு கால் நீட்டிய கான்கிரீட் கட்டி, இரண்டு அடுக்கு.

1. அக்டோபரில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வேலை அட்டவணையை ஆரம்ப நாளில் இருந்து போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும். நவம்பரும் டிசம்பரும் புயல் மாதங்கள். 2018-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது நவம்பர் 16 அதிகாலையில். ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் கடலில் கொட்டிய ஒவ்வொரு கல்லும் கவசத்துக்குள் மூடப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதியை முதலில் எழுதிவிட்டு மற்றதெல்லாம் பின்னோக்கி.

நம் உதாரணத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, உச்சியோரத்தையும் சேர்த்து, சுமார் 13 டெட்ராபாட் போகும். 300 மீட்டருக்கு 3,900. ஒரு அச்சு ஒரு நாளைக்கு ஒரு கட்டிதான் தரும். 25 அச்சு இருந்தால் 156 நாள் இடைவிடாத வார்ப்பு. மழை, பண்டிகை, ஆள் பற்றாக்குறை சேர்த்தால் ஏழு மாதம் என்று வையுங்கள். வைக்கும் வேலையோ நாளுக்கு 40 கட்டி என்று போட்டாலும் கடல் அடங்கிய 100 நாள் வேண்டும்.

ஆக, வார்ப்பு முந்தைய ஆண்டின் அக்டோபரிலேயே தொடங்கியாக வேண்டும். கடல் வேலை எப்படியும் நடக்காத வாடைக் காலம்தான் கரையில் வார்க்க ஏற்ற காலம். ஜனவரி கடைசியில் கடல் அடங்கும்போது களத்தில் கட்டிகள் தயாராக அடுக்கியிருக்க வேண்டும். பலரும் கல் கொட்ட ஆரம்பித்த பிறகு அச்சு வாங்க ஆள் அனுப்புகிறார்கள். ஜூலையில் நூறு மீட்டர் நீளத்துக்கு வெறும் கல்வரிசை கடலில் நிற்கும், மேலே வைக்கக் கட்டி இருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் முகத்துவாரத்தை ஒட்டிய வேலைக்கும் முக்குளிப்பவர்களை இறக்குவதற்கும் இதுதான் நேரம். ஆனால் படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள்ளேயே நெருக்கிக் கட்டியிருக்கும், ஃபைபர் படகுகள் வழக்கம்போல் போய் வரும். தேதிகளை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

2. மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

சோழகம் என்ற தென்காற்று வீசும் மாதங்களில் கரையோர மணல் வடக்கே நகரும், வாடையில் தெற்கே. குறுக்கே சுவர் வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். புதுச்சேரித் துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே கடற்கரை கரைந்துபோனதைக் கிழக்குக் கரையில் எல்லோரும் அறிவோம். அதனால் வரைபடத்தில் பக்கத்து ஊரின் கரையும் இருக்க வேண்டும். இரு பக்கமும் குறுக்குவெட்டு அளவுகளை வேலை தொடங்குவதற்கு முன்பே, ஒரு முழு ஆண்டுக்காவது, எடுத்து வையுங்கள். பின்னால் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும், சென்னை ஐஐடி அல்லது புனேயில் உள்ள மத்திய நீர் மின் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் மாதிரிச் சோதனையும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டியவை. அதைத் தளப் பொறியாளர் செய்வதில்லை. ஆனால் அறிக்கையில் எந்த எடை, எந்தச் சரிவு சோதிக்கப்பட்டது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது உங்கள் வேலைதான்.

3. அடிமண்ணைத் துளையிட்டுப் பாருங்கள்

இது ஆறு கொண்டுவந்து போட்ட நிலம். மேலே இரண்டு மீட்டர் மணலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது; கீழே களி இருக்கலாம். சுவரின் எடை ஏறியதும் களி நசுங்கிச் சுவர் இறங்கும், அல்லது பக்கவாட்டில் பிதுங்கிச் சரிவே வழுக்கும்.

சுவரின் கோட்டிலேயே துளையிட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் துளைகளை நெருக்கமாகப் போடுங்கள், ஏனென்றால் ஆற்றின் பழைய தடம் எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. எதிர்பார்க்கும் இறக்கத்தை உச்சி உயரத்தில் கூட்டிவிடுங்கள். மிக மென்மையான களி என்றால் சுவரைக் கட்டம் கட்டமாக உயர்த்தி நடுவில் காத்திருக்க வேண்டி வரும். அந்தக் காத்திருப்பும் அட்டவணையில் ஏற வேண்டும்.

4. கட்டியின் எடையை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

வடிவமைப்பாளர் எடையைக் கொடுத்துவிடுவார். ஆனாலும் அலைக்குத் தாங்கும் கட்டி எடையைத் தரும் ஹட்சன் சூத்திரத்தை உங்கள் கையால் போட்டுப் பார்த்தால்தான் தளத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று புரியும்.

எடை = கான்கிரீட் அடர்த்தி × அலை உயரத்தின் மும்மடி ÷ (நிலைப்புக் கெழு × ஒப்படர்த்தியில் ஒன்று கழித்ததன் மும்மடி × சரிவு எண்). ஒப்படர்த்தி என்பது கான்கிரீட் அடர்த்தியைக் கடல்நீர் அடர்த்தியால் வகுத்தது. சரிவு எண் நம் சுவருக்கு 1.5. நிலைப்புக் கெழு கட்டிகள் எவ்வளவு நன்றாகப் பூட்டிக்கொண்டு நிற்கும் என்பதைக் காட்டும் எண். உடையும் அலையில் இரண்டு அடுக்கு டெட்ராபாட்டுக்குச் சுவரின் உடற்பகுதியில் கெழு 7, கடலுக்குள் சுவர் முடியும் முனையில் 5.

ஆழம் குறைந்த இடத்தில் அலையின் உயரம் நீரின் ஆழத்தில் சுமார் 0.78 பங்குக்கு மேல் போகாது, அதற்குள் உடைந்துவிடும். கடலடி ஆழம் 3 மீட்டர், ஓதமும் (கடலின் அன்றாட ஏற்றம்) புயல் எழுச்சியும் சேர்ந்து 0.85 மீட்டர் என்றால் மொத்தம் 3.85, அலை 3 மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 2.4 டன் என்று போட்டால் 2.56 டன் வரும். 3 டன் கட்டி எடுக்கலாம். முனைக்கு 3.6 டன் வருகிறது; 4 டன் கட்டி.

இப்போது புயல் எழுச்சியை மட்டும் ஒரு மீட்டர் கூட்டுங்கள். ஆழம் 4.85, அலை 3.8 மீட்டருக்குப் பக்கம், தேவையான எடை 5.1 டன். இரட்டிப்பாகிவிட்டது! நம் கரையில் சாதாரண ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் நீர்மட்டத்தைச் சிலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியின் எடையைத் தீர்மானிப்பது புயலன்று ஏறும் நீர்தான்.

இன்னொன்று அடர்த்தி. 2.4-க்குப் பதில் கான்கிரீட் 2.3 வந்தால், அதே அலைக்கு 2.56 டன் போதாது, 3.07 டன் வேண்டும். அதே அச்சில் வார்த்த கட்டியோ 2.9 டன்னுக்கும் கீழே இறங்கியிருக்கும். அதாவது பலச் சோதனையில் தேறிய கான்கிரீட்டே அடர்த்தியில் தோற்கலாம். பலம் பார்க்க வார்த்த சோதனைக் கியூப்களை உடைப்பதற்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள்.

5. கல் எங்கிருந்து, எந்த வழியாக

டெல்டாவில் கல் கிடையாது. புதுக்கோட்டை, பெரம்பலூர், விழுப்புரம் பக்கத்துக் குவாரிகளில் இருந்துதான் வர வேண்டும். நம் உதாரண அலைக்குக் கல்லையே கவசமாக வைத்தால் ஒவ்வொன்றும் 6 டன் எடை வேண்டும். அந்த அளவில் விரிசல் இல்லாத கல் போதுமான எண்ணிக்கையில் கிடைப்பதும், கிடைத்தாலும் அவ்வளவு தூரம் வந்து சேர்வதும் கஷ்டம். டெட்ராபாட்டின் செலவு இங்கே நியாயமாவது இதனால்தான்.

சுவரின் நடுக்குவியலான உள்கருவுக்கு 10 முதல் 100 கிலோ கல், அதற்கும் டெட்ராபாட்டுக்கும் நடுவே வரும் இடையடுக்குக்குக் கட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் 200 முதல் 400 கிலோ, சரிவின் அடியில் முட்டுக்கொடுக்கும் பாதத்துக்கு 500 கிலோ முதல் 1 டன். இவற்றைக் குவாரியிலேயே பிரித்து, தனித்தனி டிப்பரில் அனுப்பச் சொல்லுங்கள். கலந்து வந்த கல்லைக் கடற்கரையில் போக்லைன் வைத்துப் பிரிப்பது இரட்டைச் செலவு. மண்ணும் தூளும் கலந்த லோடைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். தூள் அலையில் கழுவிப் போகும், அந்த அளவுக்குச் சுவர் இறங்கும்.

வழியை நீங்களே ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். வாய்க்கால் மதகுகளும் கிராமப் பாலங்களும் லோடு ஏற்றிய டிப்பரைத் தாங்குமா என்பது ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை என்பது இன்னொன்று. நீங்கள் கல் கொட்டத் துடிக்கும் அதே வாரத்தில் சாலையில் நெல் காயும், அறுவடை இயந்திரம் குறுக்கே நிற்கும். அங்கே ஹாரன் அடித்துப் பயனில்லை. ஊர்க்காரர்களிடம் பேசி இரவு ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்வதே வழி.

6. வார்ப்புக் களம்

களம் சுவரின் அடியில் இருந்து வண்டி போகும் தூரத்தில், ஆனால் அலையும் வெள்ளமும் ஏறாத மேட்டில் இருக்க வேண்டும். வார்ப்பு நடப்பதே மழைக்காலத்தில் என்பதால் சுற்றிலும் வடிகால் வெட்டுங்கள். களிமண்ணில் நேராக 3 டன் கட்டிகளை அடுக்கினால் ஒன்று புதைந்து பக்கத்துக் கட்டியின் காலில் சாயும், கால் உடையும். மண்ணைக் கெட்டித்து, கிராவல் பரப்பி, வார்க்கும் இடத்தில் மட்டம் பார்த்த கான்கிரீட் தளம் போடுங்கள்.

மூன்று பகுதிகளாக இடம் ஒதுக்க வேண்டும்: வார்க்க, நீரில் பதமாக்க, அடுக்கி வைக்க. மூன்றாவதற்குத்தான் எப்போதும் இடம் பற்றாமல் போகிறது, ஏனென்றால் ஜனவரிக்குள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

7. வார்ப்பது

3 டன் கட்டி என்றால் 1.25 கன மீட்டர் கான்கிரீட். டெட்ராபாட்டின் கன அளவு அதன் உயரத்தின் மும்மடியில் 0.28 பங்கு, அந்தக் கணக்கில் உயரம் சுமார் 1.65 மீட்டர். அச்சு வந்ததும் முதலில் இந்த உயரத்தை அளந்து பாருங்கள். அச்சு கொஞ்சம் சிறுத்தாலும் எடை நிறையக் குறைந்துவிடும்.

உள்ளே கம்பி வேண்டாம். கடலில் கம்பி துருப்பிடித்து ஊதி, கட்டியை உள்ளிருந்தே பிளக்கும். தூக்குவதற்குக் கொக்கி பதிப்பதும் இதே காரணத்தால் கூடாது, கயிற்று ஸ்லிங் போட்டுத் தூக்கலாம்.

இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456:2000-இன்படி அலையேறி இறங்கும் இடத்தில் கம்பியில்லாக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்25 தரம், கன மீட்டருக்குக் குறைந்தது 280 கிலோ சிமென்ட், நீர்–சிமென்ட் விகிதம் 0.40-க்கு மேல் போகக் கூடாது. பல ஒப்பந்தங்களில் எம்30 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். கசடு சிமென்டோ சாம்பல் கலந்த சிமென்டோ கடல்நீருக்கு நல்லது, ஆனால் ஆரம்ப பலம் மெதுவாக ஏறும். அதை மறந்து, சாதாரண சிமென்ட் நாள் கணக்கில் கட்டியைத் தூக்கினால் கால் கழன்று வரும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய தலைவலி. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். கம்பியில்லாக் கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. கோடையில் கிணற்று நீர் மாறும், ஆகவே சோதனையை ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள். கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது.

மூன்று கால் கீழே, ஒரு கால் மேலே நிற்கும்படி அச்சு பூட்டப்படும். மேல் காலின் வாய் வழியாகத்தான் கொட்ட வேண்டும். கீழ்க்கால்களின் மேல் முகத்தில் காற்று சிக்கிக்கொள்ளும், அங்கேதான் தேன்கூடு போல ஓட்டை விழும். அதைத் தவிர்க்க, கீழ்க்கால் உயரம் வரை ஊற்றி வைப்ரேட்டர் ஊசியை ஒவ்வொரு காலுக்குள்ளும் விட்டு எடுத்த பிறகே அடுத்த பாதியை ஊற்றுங்கள். நடுவில் டீ குடிக்கப் போகக் கூடாது. கால்கள் கூடும் கழுத்தில் இணைப்பு விழுந்தால் அந்தக் கட்டி அங்கேதான் உடையும். லாரி வரத் தாமதமாகிப் பாதியில் நின்ற கட்டியைக் கழித்துவிடுங்கள், பூசி மறைக்க விடாதீர்கள்.

பக்க அச்சை மறுநாள் கழற்றலாம். கட்டியை நகர்த்துவது கியூப் சோதனையில் தூக்கும் பலம் வந்த பிறகு, கடலில் வைப்பது 28 நாள் பலம் தெரிந்த பிறகு. கோணிச் சாக்கு சுற்றி குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். ஓரிரு மணி நேரம் தண்ணீர் தெளித்துவிட்டு வெயிலில் விடுவது கியூரிங் ஆகாது. நாளுக்கு 31 கன மீட்டர் ஊற்றினால் நான்கு மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது விதி.

ஒவ்வொரு கட்டியிலும் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பின்னால் எந்தக் கட்டி உடைந்தது, அது எந்த நாள் கலவை என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

8. கிரேனை எடையால் தேர்ந்தெடுக்காதீர்கள்

"50 டன் கிரேன் இருக்கு, 3 டன் கட்டிதானே சார்" என்பார்கள். 50 டன் என்பது கிரேனின் காலடியில் தூக்கும் எடை. நீங்கள் பாதத்தில் வைக்க வேண்டிய கட்டி சுழலும் மையத்தில் இருந்து 15–18 மீட்டர் தள்ளி இருக்கும். அந்த நீட்டத்தில் என்ன தூக்கும் என்று சுமை அட்டவணையைப் பாருங்கள், ஸ்லிங்கையும் கொக்கியையும் எடையில் கூட்டுங்கள். முனையில் 4 டன் கட்டி, தூரமும் கூடுதல். கிரேனை அதற்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

9. அடித்துணி, உள்கரு, இடையடுக்கு

கடலடியில் முதலில் ஜியோ துணி, அதன்மேல் சிறு கல் விரிப்பு. துணி இல்லாவிட்டால் அலையின் உறிஞ்சலில் அடிமண் கல் இடுக்கு வழியே மேலே வந்து போய்விடும். துணியின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறியிருக்க வேண்டும். விரித்த அன்றே கல் போட்டு அழுத்துங்கள், மறுநாள் வரை விட்டால் நீரோட்டம் சுருட்டிக்கொண்டு போகும்.

உள்கருவை டிப்பரில் கொட்டி முன்னேறுவது எளிது, வேகமும் அதிகம். ஆபத்தும் அதில்தான். உள்கரு முன்னே ஓட ஓட, நீளம் கூடியதாகப் படம் எடுத்து அனுப்புவார்கள், பில்லும் போடுவார்கள். ஆனால் 100 கிலோ கல் ஒரு சாதாரண சோழகக் கடலுக்கே நகரும். இடையடுக்கு உள்கருவுக்கு 10–15 மீட்டர் பின்னால், டெட்ராபாட் அதற்கு அதே அளவு பின்னால் என்று மூன்றும் சேர்ந்தே நகரட்டும். ஒரு வாரத்துக்குள் மூட முடியாத கல்லைக் கொட்டாதீர்கள். மேலதிகாரி கேட்டால் முழு வெட்டுமுகம் முடிந்த மீட்டரை மட்டும் நீளமாகச் சொல்லுங்கள்.

உள்கருவின் மேல்தளம் டிப்பர் ஓடும் பாதையும் என்பதால் உயர் ஓதத்துக்கு மேல் இருக்க வேண்டும், வண்டி திரும்ப இடையிடையே அகலம் விட வேண்டும். மேலே போட்ட கிராவலை மூடுவதற்கு முன் வாரி எடுத்துவிடுங்கள். விட்டால் இடுக்குகள் அடைபட்டு, உள்ளே ஏறிய நீரின் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் மேலடுக்கைத் தள்ளும்.

இடையடுக்கின் சரிவைப் போக்லைனால் சீராக்கி, 5 மீட்டருக்கு ஒரு வெட்டுமுகம் அளந்த பிறகே கவசத்துக்குப் போங்கள். அங்கே மேடு பள்ளம் இருந்தால் டெட்ராபாட் ஒன்றும் சரியாக உட்காராது.

10. டெட்ராபாட் வைப்பது

பாதக் கல் முதலில். அதில் முட்டுக்கொடுத்து முதல் வரிசை, அப்புறம் கீழிருந்து மேலாக. மேலே இருந்து உருட்டிவிட்டால் கட்டி உடையும், உடையாவிட்டாலும் பூட்டிக்கொள்ளாது.

முதல் அடுக்கில் மூன்று கால் சரிவில் ஊன்றி ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது அடுக்கில் கட்டியைக் கவிழ்த்து, ஒரு கால் முதல் அடுக்கின் இடைவெளிக்குள் இறங்கும்படி வைக்க வேண்டும். இரண்டும் விரல் கோத்த கைகள் போல் பிடித்துக்கொண்டால்தான் 3 டன் கட்டி 6 டன் கல்லின் வேலையைச் செய்யும்.

எங்கே வைப்பது என்பதைக் கிரேன் ஓட்டுநரின் கண்ணுக்கு விடாதீர்கள். ஒவ்வொரு கட்டிக்கும் இட எண் கொடுத்த கட்ட வரைபடம் தயாரித்து, கிரேன் கையின் நுனியில் ஜிபிஎஸ் பொருத்தி வைக்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே முக்குளிப்பவர் பார்த்துச் சொன்ன பிறகே ஸ்லிங்கை விடுவிக்க வேண்டும். கட்டி இறங்கும்போது அவர் அதன் கீழோ கடல் பக்கமோ இருக்கக் கூடாது. இறங்கி உட்கார்ந்த பின் பார்க்கட்டும்.

எண்ணிக்கையை 10 மீட்டருக்கு ஒருமுறை சரிபாருங்கள். 3 டன் கட்டி இரண்டு அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 0.9 என்று வரும். நம் சரிவின் நீளம் 12.6 மீட்டர், ஆக 10 மீட்டருக்குச் சரிவில் மட்டும் 113 கட்டி. நூறோடு முடிந்துவிட்டது என்றால் எங்கோ இடையடுக்கு தெரியும்படி ஓட்டை இருக்கிறது. 125 போனால் நெருக்கிவிட்டார்கள். இடைவெளி குறைந்து அலை சுவரேறித் தாண்டும்.

நீருக்கு மேலே உள்ளவற்றைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆடும் கட்டியை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். அலை இரவும் பகலும் அதை ஆட்டிக்கொண்டே இருந்தால் கால்கள் மோதி உடையும், உடைந்த துண்டு பக்கத்துக் கட்டிகளை அடிக்கும். ஆட்டத்தை நிறுத்தச் சிறு கல்லைச் சொருகுவது பழைய தந்திரம், ஒரு வாரம்கூட நிற்காது.

11. முனை

முனையை அலை மூன்று பக்கமும் சுற்றி அடிக்கும், கட்டிகளுக்குப் பின்தாங்கலும் குறைவு. அதனால்தான் அங்கே கெழு 5, எடை 4 டன். கட்டியின் அளவு மாறும் இடத்தைத் திடீரென்று வெட்டாமல், பெரிய கட்டிகளை உடற்பகுதிக்குள் கொஞ்ச தூரம் நீட்டிக்கொண்டு வாருங்கள்.

முனையைப் பாதியில் நிறுத்தும்படி அட்டவணை அமைந்துவிடக் கூடாது. ஆகஸ்டுக்குள் முனைக்கு வர முடியாது என்று தெரிந்தால், அந்த ஆண்டு சுவரைக் குறைந்த நீளத்தில் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் 4 டன் கட்டிகளால் தற்காலிக முனை சுற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு அவற்றையே எடுத்து முன்னால் வைக்கலாம்.

12. தலைச்சுவருக்கு அவசரம் வேண்டாம்

உச்சியில் வரும் கான்கிரீட் சுவரை, உள்ளே இறக்கம் அடங்கிய பிறகே போட வேண்டும். ஒரு வாடைக் காலம் கழியட்டும். உடனே போட்டால் கீழே கல் இறங்க, சுவர் பாலம் போல் அந்தரத்தில் நின்று பிளக்கும். போடும்போதும் துண்டு துண்டாக, இணைப்பு இடைவெளி விட்டுத்தான்.

13. முதல் வாடைக்கு முன்னும் பின்னும்

செப்டம்பர் கடைசியில் 10 மீட்டருக்கு ஒரு வெட்டுமுகம் அளந்து, ஒரே இடங்களில் நின்று படம் எடுத்து வையுங்கள். கிரேனை இறக்கிக் கரையேற்றிவிடுங்கள். ஜனவரி கடைசியில் அதே புள்ளிகளில் மறுபடி அளந்து, எந்த எண் கட்டி நகர்ந்தது, எது உடைந்தது, பாதம் எங்கே அரித்தது என்று பதியுங்கள். கட்டிகள் கொஞ்சம் இறங்கி நெருங்குவது இயல்பு. ஒரே இடத்தில் நாலைந்து சேர்ந்து இறங்கியிருந்தால் மேலே புதுக் கட்டி வைத்து மூடாமல், முதலில் பாதத்தைப் பார்க்க ஆளை இறக்குங்கள்.

இதற்காகவே இரண்டு அளவிலும் மாற்றுக் கட்டிகள் களத்தில் மிச்சம் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. இரண்டிரண்டு அச்சையாவது எண்ணெய் பூசித் துறைமுகக் கிடங்கில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.